இசைத்தட்டின் மறுபக்கம்

நம்மில் பலருக்குக் காது கேட்பதில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. தெரிந்தேதான் நாம் காதைப் பொத்திக்கொண்டோம். 1959ல் ‘எழுத்து’ வந்ததிலிருந்து ஓசையைக் கவிதையிலிருந்து இறக்கிவைப்பது ஒரு கௌரவமான காரியமாக இருந்துவந்திருக்கிறது. அதற்கு நியாயமும் இருந்தது. யாப்பு தெரிந்தவன் எவனும் கவி என்ற நிலை. எதுகை கிடைத்ததும் சிந்தனை நின்றுவிடுகிற வழக்கம். மேடையில் கைதட்டலுக்காக அடுக்கப்பட்ட சொற்கள். இவற்றிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் கவிதை வாய்க்கு அல்ல, கண்ணுக்கு என்று ஆக்கியாக வேண்டியிருந்தது. ஆக்கினோம். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் கவிதை மௌன வாசிப்புக்கு உரியதாக இருக்கிறது. ஓசை முழுவதையும் சினிமாப் பாட்டுக்குத் தாரை வார்த்தாயிற்று. அப்படித் தாரை வார்த்தது போக மிச்சம் ஏதாவது இருந்ததா, இருந்தால் அது எங்கே போயிற்று என்று நாம் விசாரிக்கவில்லை.

என்னை விசாரிக்க வைத்தது ஒரு பஸ் பயணம். 2021 வசந்தத்தில், முகக் கவசம் போட்டுக்கொண்டு, நல்லம்பள்ளியிலிருந்து சேலம் போய்க்கொண்டிருந்தேன். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் டிரைவர் ஒரு பாட்டைப் போட்டார். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழவி சட்டென்று விழித்து, “யாரு கூப்புட்டது?” என்றாள். பாட்டில் யாரோ ஒருத்தி ‘எஞ்சாமி’ என்று கூப்பிட்டிருந்தாள். அந்தக் குரல் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று கிழவி நினைத்துக்கொண்டாள். ஒரு கவிதை வாசகரை இப்படி எழுப்பி நான் பார்த்ததில்லை. என் கவிதைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

‘எஞ்சாய் எஞ்சாமி’ எல்லோருக்கும் தெரிந்த பாட்டு. 2021 மார்ச் 7ம் தேதி வெளியானது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தார், தீயும் அறிவும் பாடினார்கள், எழுதியது அறிவு. அதன் புகழ் எனக்கு இங்கே விஷயமில்லை. கோடிக்கணக்கில் பார்க்கப்பட்டது என்பது ஒரு விமர்சன அளவுகோலாகாது. எனக்கு அக்கறை, அந்தப் பாட்டுக்கு முந்தைய மூன்றாண்டுகளில். அரக்கோணத்திலிருந்து வந்த ஒரு இளைஞர், பொறியியல் படித்தவர், பாடகர் என்று சொல்ல முடியாத குரல் கொண்டவர், மைக்குக்கு முன்னால் நின்று என்ன செய்தார்? அதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘ராப்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்தச் சொல் பொருளை விளக்குவதற்குப் பதிலாக அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறது. அமெரிக்காவுக்குப் போகும் வழியில் இறங்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அது ஜமைக்கா.

கிங்ஸ்டன் நகரத்து ஏழைகளிடம் 1950களில் வாத்தியக் கோஷ்டியை அமர்த்தக் காசில்லை. அவர்களுக்கு வாய்த்தது ஒலிபெருக்கி. ஆள் உயரப் பெட்டிகளை லாரியில் ஏற்றிவந்து, ஒரு வெட்டவெளியில் இறக்கி, இசைத்தட்டுப் போட்டு, இரவெல்லாம் ஆட்டம். இதை அங்கே ‘சவுண்ட் சிஸ்டம்’ என்பார்கள். நம் ஊரில் ‘மைக்செட்’. தட்டைத் தேர்ந்து சுழற்றுகிறவர் செலக்டர். மைக்கைப் பிடித்துப் பேசுகிறவர்தான் டீஜே. நம்மவர்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவுண்ட் மச்சுக்கி, கிங் ஸ்டிட் என்று முதல் தலைமுறை டீஜேக்கள் இருந்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே, பாட்டு ஓடும்போதே இடையில் நுழைந்து, ஒரு கேலி, ஒரு அதட்டல், ஒரு வாழ்த்து. ஆனாலும் பாட்டு பாட்டாகவும் பேச்சு பேச்சாகவும்தான் இருந்தன.

பேச்சு பாட்டானது ஒரு தவறினால். 1960களின் கடைசியில், ஸ்பானிஷ் டவுனைச் சேர்ந்த ரெட்வுட் என்ற ஒலிபெருக்கிக்காரருக்காக டியூக் ரீட் என்பவரின் பதிவுக்கூடத்தில் ஒரு தட்டு வெட்டினார்கள். பொறியாளர் குரலைச் சேர்க்க மறந்துவிட்டார். வாத்தியம் மட்டும் வந்தது. ரெட்வுட் அதைத் தூக்கி எறியவில்லை. அன்றிரவு ஆட்டத்தில் முதலில் குரலுள்ள தட்டைப் போட்டார், பிறகு குரலில்லாததை. கூட்டம் அந்தக் காலியான இடத்தில் தானே பாடியது. அதற்குப் பிறகு ஜமைக்காவில் வந்த தட்டுகளின் மறுபக்கத்தில் குரல் நீக்கிய அதே பாட்டைப் போடுவது வழக்கமாயிற்று. ‘வெர்ஷன்’ என்று பெயர். வெறும் தாளமும் பாஸும் மட்டும் ஓடும் அந்த வெற்றுப்பக்கத்தில்தான் யூ-ராய் என்ற எவர்ட் பெக்ஃபர்ட் குடியேறினார். 1970ல் டியூக் ரீடுக்காக அவர் பதிவுசெய்த முதல் தட்டுகள், எல்லோருக்கும் தெரிந்த பழைய பாட்டுகளின் மேல் அவர் பேசியவை. விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போயின. பாடகர் எங்கோ பின்னால் ஒரு வரி பாடுவார். யூ-ராய் அதற்கு வாயடித்துப் பதில் சொல்வார். கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க் போன கிளைவ் காம்ப்பெல் என்ற பையன் 1973 ஆகஸ்டில் பிராங்க்ஸ் பகுதியில் தங்கைக்காக நடத்திய விருந்திலிருந்து ஹிப்-ஹாப் தொடங்கியது என்று சொல்வது வழக்கம். ஆக, தகப்பன் ஜமைக்காதான்.

இங்கே ஒரு கேள்வி. மைக்செட் நம்மிடமும் இருந்ததே? எங்கள் பக்கத்தில் காதுகுத்து, சடங்கு, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவும் அது இல்லாமல் நடந்ததில்லை. தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, விடிகாலையில் சீர்காழியின் பக்திப் பாட்டில் தொடங்கி ஊரை எழுப்பிய செட்டுக்காரர்களை என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவர்களில் ஒரு யூ-ராய் ஏன் தோன்றவில்லை?

நான் கண்டவரையில் பதில் எளிது. நம் தட்டுகளுக்கு வெற்றுப்பக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் குரல். போதாக்குறைக்கு ‘திருவிளையாடல்’ கதை வசனம் முழுவதும் தட்டாக வந்தது, ‘கட்டபொம்மன்’ வந்தது. பையன்கள் அதை மனப்பாடம் செய்தார்கள். பேசுவதற்குக்கூட நமக்குப் பதிவுசெய்த குரல் கிடைத்துவிட்டது! செட்டுக்காரர் வாயைத் திறந்தது, காணாமல்போன குழந்தையைப் பற்றியோ, மொய் எழுதியவர் பெயரைச் சொல்லவோதான். மேலும், மைக்கை யார் தொடலாம் என்பது ஊரில் முன்கூட்டியே முடிவான விஷயம். தர்மகர்த்தா தொடலாம், கட்சிக்காரர் தொடலாம், வெளியூரிலிருந்து வந்த புலவர் தொடலாம். பறையடிக்கிறவர் தொட முடியாது. அவருக்கு மைக் தேவையில்லை, அவருடைய மேளம் மூன்று ஊருக்குக் கேட்கும் என்று சொல்வார்கள். மேளம் கேட்கும்தான். அவர் சொல்ல நினைத்தது கேட்காது.

இதற்கு விதிவிலக்கு என்று பார்த்தால் கூத்துதான். தர்மபுரி ஜில்லாவின் பாரதக் கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் கட்டியக்காரனைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. திரைக்கு வெளியே நின்று ராஜாவை வரவழைப்பவன். ராஜா வந்ததும் அவரையே கிண்டல் செய்பவன். துரியோதனனிடம் பேசிக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரின் பக்கம் கண்ணடிப்பவன். அவன் பேச்சு வசனமும் அல்ல, பாட்டும் அல்ல. முகவீணை ஓய்ந்து மிருதங்கம் மட்டும் உருளும்போது அதன் மேல் ஏறி ஓடும் பேச்சு. யூ-ராய்க்குத் தமிழில் உறவுக்காரன் ஒருவன் உண்டென்றால் அது கட்டியக்காரன்தான். நாடக ஆராய்ச்சிக்காரர்கள் அவனைப் பிரெக்டுடன் ஒப்பிட்டுக் களைத்துப்போனார்கள். டீஜேயுடன் ஒப்பிட அவர்களுக்குத் தோன்றவில்லை. பிரெக்டுக்குப் புத்தகங்கள் இருந்தன என்பதுதான் காரணம்.

சென்னையில் கானா இருந்தது. சாவு வீட்டில் பிணத்துக்குப் பக்கத்தில் இரவைக் கழிக்கப் பாடப்பட்ட பாட்டு. அதைப் பற்றி எழுதியவர்கள் சிலர் உண்டு. கேட்டவர்கள் அதைவிடக் குறைவு. சினிமா அதைக் காமெடிக்காகவும் குடிகாரன் காட்சிக்காகவும் எடுத்துக்கொண்டது. 1994ல் ‘காதலன்’ படத்தில் சுரேஷ் பீட்டர்ஸ் பாடிய ‘பேட்டை ராப்’ வந்தபோது, பேச்சு தாளத்தில் ஏறலாம் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. ஆனால் அது வேடிக்கையாகத் தெரிந்தது. மலேசியத் தமிழர்கள் இதை வேறுவிதமாகச் செய்தார்கள். யோகி பி, நட்சத்திரா குழு 2006ல் கொண்டுவந்த ‘வல்லவன்’ தொகுப்பில் இளையராஜாவின் ‘மடை திறந்து’ மேல் ஏறிப் பேசியதைக் கவனிக்க வேண்டும். 1980ல் வந்த ஒரு பாட்டு. எல்லோர் மனசிலும் இருக்கிறது. அதைத் தட்டின் மறுபக்கமாக்கி, அதற்குள் நின்று பேசுகிறார்கள். யூ-ராய் செய்ததும் இதுதான். அவர்களுக்கு ஜமைக்கா தெரிந்ததா என்பது முக்கியமில்லை. நிலைமை ஒன்றாயிருந்தால் உருவமும் ஒன்றாகிறது. தோட்டக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் இங்கேயும் அங்கேயும். (1845 தொடங்கி ஜமைக்காவுக்கும் இந்தியாவிலிருந்து 36,000 பேர்வரை கூலிகளாகப் போனார்கள். பெரும்பாலோர் வடக்கத்தியர், சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்களும் உண்டு.)

இவ்வளவு பீடிகைக்குப் பிறகு அறிவுக்கு வருகிறேன். பீடிகை நீண்டுவிட்டது, ஆனால் இது இல்லாமல் அவரைப் பற்றிப் பேசினால் ‘துணிச்சலான இளைஞர்’ என்று முதுகில் தட்டுவதோடு முடிந்துவிடும்.

2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த கோஷ்டி. பெயர், அயோத்திதாசர் பண்டிதரின் ‘சாதியற்ற’ என்ற சொல்லிலிருந்து எடுத்தது. கானாக்காரர்கள், பறை, சட்டி, கிடார், டிரம்ஸ், ராப். கோட் சூட் போட்டுக்கொண்டு. இந்தக் கோட் சூட்டைப் பற்றி நம் நண்பர் ஒருவர் சலித்துக்கொண்டார். அம்பேத்கர் ஏன் கோட் போட்டார் என்று அவர் இன்னும் யோசிக்கவில்லை போலிருக்கிறது. அந்தக் கோஷ்டியில் இசைவாணி இருந்தார். ஆண்களுடையதாக இருந்த கானாவில் தனியாக நின்ற பெண் குரல். அறிவு அதில் ஒருவர். இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டு, மாட்டுக்கறியைப் பற்றிய பாட்டு என்று அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்களுக்குத் தமிழ் மெல்லிசையில் முன்மாதிரி இல்லை. அந்த இசை எல்லா இடத்திலும் கைகூடியது என்று சொல்லமாட்டேன். கிடார் அடிக்கடி பறையை மூடிவிடுகிறது. ஆனால் பறையடிக்கிறவருக்கு முன்னால் மைக் வைத்தாயிற்று. அதுதான் அன்று நடந்தது.

அதே ஆண்டு ‘காலா’வில் ‘உரிமையை மீட்போம்’ பாட்டை அறிவு எழுதினார். 2019ல் ஒஃப்ரோ என்ற இசைக்காரருடன் சேர்ந்து ‘தெருக்குரல்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். ஆரம்பகால அறிவை மதிப்பிட நான் எடுத்துக்கொள்வது இதைத்தான். ‘ஆன்ட்டி இண்டியன்’, ‘கள்ளமௌனி’ இரண்டையும் பல தடவை கேட்டேன். தேசத்துக்கு விரோதி என்று முத்திரை குத்துகிறவர்களிடம், தேசத்துக்கு முன்னால் இருந்தவன் நான் என்று வாதாடுகிறது முதலாவது. பேச வேண்டிய நேரத்தில் பேசாதவனைப் பிடித்து உலுக்குகிறது இரண்டாவது. வேகம் இருக்கிறது, மூச்சு இருக்கிறது, சொல்லுக்குப் பஞ்சமில்லை. சொல்லுக்குப் பஞ்சமில்லாததுதான் கோளாறு. தமிழில் தாளத்தோடு பேசுவதற்கு இன்னொரு பரம்பரை உண்டு. அண்ணாதுரை காலத்திலிருந்து வரும் மேடைப்பேச்சு. அடுக்குமொழி, மோனை, மூச்சுவிடும் இடத்தில் கைதட்டல். தமிழ் ராப்காரர்கள் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ அந்தக் குழியில் விழுகிறார்கள். ‘தெருக்குர’லில் அறிவும் பாதி இடங்களில் விழுகிறார். வாதம் வெல்கிறது, எதிராளி வாயடைத்துப் போகிறான், கேட்கிறவன் மனசில் காட்சி ஒன்றும் மிஞ்சுவதில்லை. நாம் 1959ல் எதிலிருந்து ஓடிவந்தோமோ அதே இடம்.

ஆனால் மற்றப் பாதி இருக்கிறது. ‘கள்ளமௌனி’யில் குரல் ஏறுவதற்குப் பதிலாக இறங்குகிற இடங்கள் உண்டு. கிட்டத்தட்ட காதோடு பேசுவது போல. அங்கே மேடை மறைந்து திண்ணை வருகிறது. கேட்கிறவனைக் கூட்டமாக நினைக்காமல் ஒரு ஆளாக நினைத்துப் பேசுகிறார். எனக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். 2012 நவம்பர் 7ம் தேதி எங்கள் பக்கத்தில் நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. கலப்பு மணம் ஒன்றைச் சாக்காக வைத்து தலித்துகளின் வீடுகளுக்கு வைத்த தீ. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். புகை அடங்கிய மறுவாரம் நான் எழுதிய கவிதை, ஜன்னலில் உட்கார்ந்த ஒரு மைனாவைப் பற்றியது. படிமம் நன்றாக வந்திருக்கிறது என்று கடிதம்கூட வந்தது. மௌனத்தை ஒரு அழகியலாக நாம் வளர்த்ததில் இந்த வசதியும் இருந்திருக்கிறது.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். சாமி. எங்கள் வட்டாரத்தில் குழந்தையைக் கொஞ்சும்போது ‘எஞ்சாமி’ என்போம். “அழுவாத சாமி”, “சோறு உண்டியா சாமி”. அதே வாய், பண்ணையார் வாசலில் நின்றால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “கூலி குடுங்க சாமி” என்று சொல்லியாக வேண்டும். ஒரே சொல். ஒன்று மடியிலிருந்து வருகிறது. இன்னொன்று முதுகு வளைவதிலிருந்து. இரண்டுக்கும் ஓசை ஒன்று, சுருதி வேறு. அச்சில் போட்டால் வித்தியாசம் தெரியாது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலைசெய்து, பிறகு இந்தியா வந்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவர்களாகி, 1964ல் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் 5,25,000, அந்தப் பக்கம் 3,00,000 என்று தலை எண்ணிப் பிரிக்கப்பட்ட ஜனம் அது. பழைய சேலம் ஜில்லாவிலிருந்தும் கங்காணிகள் பின்னால் ஆட்கள் போனார்கள். அந்தப் பாட்டிகள் எத்தனை பேரை எத்தனை சுருதியில் ‘சாமி’ என்று கூப்பிட்டிருப்பார்கள்!

‘எஞ்சாய் எஞ்சாமி’யில் அறிவு செய்தது, அந்தச் சொல்லைக் கும்பிடும் கையிலிருந்து பிடுங்கி மடிக்குத் திருப்பிக் கொடுத்தது. வாதம் செய்யவில்லை. நிலம் யாருடையது என்பதற்குச் சட்டம் பேசவில்லை. நாயும் நரியும் பூனையும் உட்படப் பங்காளிகளை வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டுகிறார். தோட்டம் போட்டவளின் தாகத்தை ஒப்பாரி மெட்டில் வைக்கிறார். ஒப்பாரிக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் கிடப்பது ஒருவராயிருந்தாலும் அழுகிறவள் தன் செத்தவர்களையெல்லாம் கூப்பிட்டுவிடுவாள். தாளம் கொண்டாட்டமாகவும் சொல் இழவாகவும் இருக்கிற இந்த முரண், கல்யாணத்தில் அந்தப் பாட்டுக்கு ஆடுகிறவர்களுக்குப் புரியவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கானா பாடப்படும் சாவு வீட்டுக்குப் போனால் வருத்தம் தீரும். அங்கே ஆட்டமும் அழுகையும் ஒரே பந்தலின் கீழ்தான்.

‘தெருக்குர’லில் வாதாடியவர் இதில் ஞாபகப்படுத்துகிறார். கலைஞன் பிறந்த இடம் இது என்று நினைக்கிறேன். உடனே ஒரு எதிர்வாதம் சொல்லவேண்டும். வாதத்தைவிட ஞாபகம் உயர்ந்தது என்பது நம்மைப் போன்ற வாசகர்களுக்கு வசதியான முடிவு. ஞாபகம் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை, ரசித்துவிட்டுப் போகலாம். பண்ணையாரின் பேரன்கூட ஆடலாம், ஆடினான். இந்தச் சந்தேகத்தை என்னால் முழுதும் தீர்த்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பஸ்ஸில் விழித்த கிழவியை நினைத்துக்கொண்டு தற்காலிகமாகப் பாட்டின் பக்கம் நிற்கிறேன்.

அதே 2021ல் வெளியான ‘மாஸ்டர்’ படத்துக்காக எழுதிப் பாடிய ‘வாத்தி ரெய்டு’ போன்றவற்றைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நெருப்பை வாடகைக்கு விட்டிருக்கிறார். கதாநாயகன் நடந்துவருவதற்குத் தாளம் வேண்டும், கொடுத்திருக்கிறார். ஜமைக்காவிலும் டீஜேக்கள் விளம்பரம் பாடியவர்கள்தான்.

பிறகு வந்த தகராறுதான் என் விஷயத்துக்கு நேராக வருகிறது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இந்தியப் பதிப்பு அட்டையில் தீயும், ‘சார்பட்டா பரம்பரை’யில் ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டையும் எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் கேள்வி எழுப்பினார். பிறகு அறிவைத் தனியாக ஒரு அட்டையில் போட்டார்கள். 2022 ஜூலையில் சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் மேடையேறியது. தானே இயற்றி, எழுதி, பாடியதாக அறிவு சொன்னார். சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார்: வரிகள் அறிவுடையவை, மெட்டில் அவருக்குப் பங்குண்டு, மற்றது தானும் தீயும் செய்தது, உரிமை மூவருக்கும் சமம். 2024 மார்ச்சில் அவரே, வெளியிட்ட நிறுவனத்திடமிருந்து அந்தப் பாட்டுக்காக யாருக்கும் ஒன்றும் வந்துசேரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

மூவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. கேள்வியே தப்பாக விழுந்திருக்கிறது என்பதுதான் என் எண்ணம். மெட்டு வேறு, வரி வேறு என்று பிரித்து உரிமை எழுதுவது சினிமாப் பழக்கம். இசையமைப்பாளர் மெட்டுப் போடுவார். கவிஞர் அதில் சொல்லைப் பொருத்துவார். டீஜேயின் கலையில் இந்தப் பிரிவினை செல்லாது. அங்கே பேச்சின் ஏற்ற இறக்கம்தான் மெட்டு. சொல்லை எடுத்துவிட்டால் மெட்டு மிஞ்சாது. மறுபக்கம், தாளத்தை எடுத்துவிட்டால் பேச்சு நிற்காது. ஜமைக்காவில் ஒரே தாளத்தின் மேல் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். தாளத்தைப் பதிவுசெய்த முதலாளி அதைத் தன் சொத்து என்பார். முதலில் பாடியவர் ஒன்றும் பெறாமல் போவார். மேலே பேசியவருக்குக் கைச்செலவுக்கு ஏதோ கிடைக்கும். யூ-ராயின் தலைமுறை முழுவதும் இந்தச் சுரண்டலில் தேய்ந்தது. அவர் 2021 பிப்ரவரி 17ம் தேதி காலமானார். அறிவின் பாட்டு வெளிவருவதற்குச் சரியாக 18 நாள் முன்னால். இங்கே அவருக்கு இரங்கல் எழுதியவர் யாருமில்லை. நாமும் எழுதவில்லை.

ஒப்பாரிக்கு யார் மெட்டுப் போட்டது? வள்ளியம்மாளின் குரலுக்கு எந்தச் சட்டத்தில் எத்தனை சதவீதம்?

பெயர்களைப் பற்றி ஒரு விஷயம். ஜமைக்க டீஜேக்களும் ஒலிபெருக்கிக்காரர்களும் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டங்களைப் பாருங்கள்: கவுண்ட், கிங், லார்ட், டியூக், பிரின்ஸ். பிரிட்டிஷ் பிரபுக்களின் பட்டங்கள் அத்தனையையும் சேரிக்காரர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். அடிமைகளின் சந்ததி எஜமானனின் தொப்பியைப் போட்டுப் பார்க்கிற கேலி அது. கேலியோடு கொஞ்சம் ஆசையும். தமிழில் பட்டத்துக்குப் பஞ்சமே கிடையாது. சினிமாக்காரர் எல்லோரிடமும் இருக்கிறது. அறிவு 2024ல் கொண்டுவந்த தொகுப்புக்கு வைத்த பெயர் ‘வள்ளியம்மா பேராண்டி’. அப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகவும் ஜாதியை வாலாகவும் வைத்துக்கொள்ளும் நாட்டில், ஒரு தோட்டக் கூலிக் கிழவியின் பேரன் என்பது பட்டமாகிறது. கிங் என்பதைவிட இது பெரிய துணிச்சல் என்பேன். அந்தத் தொகுப்பில் எல்லாம் நன்றாயில்லை. மேடைப்பேச்சு மறுபடி தலைகாட்டுகிறது. ஆனால் அது ஆரம்பகாலத்தில் சேராது என்பதால் விடுகிறேன்.

லூயிஸ் பென்னெட் என்ற ஜமைக்கப் பெண் 1940களிலிருந்தே அந்த ஊர்ப் பேச்சுமொழியில் கவிதை எழுதி மேடையில் சொல்லிவந்தார். அங்கேயிருந்த இலக்கியக்காரர்கள் நீண்ட காலம் அவரைக் கவிஞராகவே எண்ணவில்லை. வேடிக்கைக்காரி என்று வைத்திருந்தார்கள். பார்படோஸ் கவிஞர் காமாவ் பிராத்வெய்ட் 1984ல் ‘குரலின் வரலாறு’ என்ற சிறு நூலை எழுதி, அந்தத் தீவுகளின் அனுபவத்துக்கு ஆங்கில யாப்பு பொருந்தாது, டீஜேக்களின் வாயில் இருப்பதுதான் நம் மொழி என்று வாதித்த பிறகு கொஞ்சம் காது திறந்தது. லின்டன் க்வெஸி ஜான்சன் அதற்கு முன்பே, 1975ல், லண்டனில் இருந்துகொண்டு டீஜேயின் தாளத்தில் புத்தகம் போட்டுவிட்டார். அவர்களுக்கு டீஜே முதலில் வந்தான். கவிஞன் அவனிடம் போய்க் கற்றுக்கொண்டான். நம்மிடம் கற்றுக்கொள்ளப் போகிற கவிஞர் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அறிவு முதலில் கவிதை எழுதியவர் என்கிறார்கள். நம் பத்திரிகைகளில் ஏதாவதொன்றுக்கு அவர் அனுப்பியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். எதுகை அதிகம் என்று காரணமும் எழுதியிருப்போம்.

சென்ற கோடையில் அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பாரதக் கூத்து. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ. துரியோதனன் கொலுவில் உட்கார்ந்தபின் கட்டியக்காரன் அவன் முன்னால் குனிந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ‘எஞ்சாமீ...’ என்று இழுத்தான், அந்தப் பாட்டின் அதே இழுப்பில். மைக்செட் பக்கத்தில் நின்ற பையன்கள் விசில் அடித்தார்கள். மிருதங்கக்காரர் கொஞ்சம் தடுமாறிவிட்டு அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். கட்டியக்காரன் நிமிர்ந்தான், துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான், ராஜாவை விட்டுவிட்டு, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து அதே சொல்லை இன்னொரு தடவை, இந்த முறை குழந்தையைக் கூப்பிடுவது போல, கூப்பிட்டான். அவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து போனார்.